கணுக்கால் முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர் வீடு திரும்பிய பின்

மழைக்காலத்தில் வரப்பில் வழுக்கி விழாத குடியானவரைக் காண்பது அரிது. பெரும்பாலோர் எழுந்து, சேற்றைக் கழுவிக்கொண்டு, விட்ட வேலையைத் தொடரப் போய்விடுகிறார்கள். சிலருக்கு மட்டும் பாதம் ஒரு பக்கமும் உடல் மறு பக்கமுமாகத் திரும்பிக் கணுக்கால் முறிந்துவிடுகிறது. கிணற்றுப் படியிலும் களத்து மேட்டிலும் மோட்டார் சைக்கிள் சாய்ந்தும் இவ்விபத்து நேரிடுவதுண்டு. 2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், மதகு ஒன்றைப் பார்வையிட வாய்க்கால் கரையில் இறங்கியபோது நமக்கும் இதுவே நேர்ந்தது. வீக்கம் சற்று வடியும்வரை காத்திருந்து, ஆறாம் நாள் தகடும் திருகுகளும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள்.

அந்த நாட்களில் நாம் அறிந்துகொண்டவற்றையும், பின்னர் நம் வட்டாரத்துக் கிராமங்களில் இதே முறிவுற்றவர்களைச் சென்று கண்டபோது தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறோம். நாம் வைத்தியரல்லோம். ஒருவர் முறிவைப்போல் மற்றொருவர் முறிவு இராதாகையால், சிகிச்சை செய்த டாக்டர் சொல்வதே முடிவானது. ஆயினும் டாக்டர் ஐந்து நிமிஷத்தில் சொல்லி அனுப்பும் கட்டளைகளுக்குக் காரணம் விளங்காமையால், வீடு வந்ததும் அவற்றைக் கைவிடுவோர் பலர். அக்காரணங்களை விளக்கவே இக்கட்டுரை.

நாம் கண்டவர்களுள் இருவரை மறக்க முடியவில்லை. ஒருவர் ஒன்றரை ஏக்கர் சாகுபடி செய்பவர். ஆபரேஷன் முடிந்த இருபத்தைந்தாம் நாள், குறுவை நடவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று வயலில் இறங்கிவிட்டார். "காலுக்குள் தகடு வைத்திருக்கிறார்களே ஐயா, இரும்பு தாங்காதா?" என்று நம்மைக் கேட்டார். தகடு வளைந்தது. முழுதும் ஆறாத தையல் வாயில் சேற்று நீர் புகுந்து சீழ் பிடித்தது. மறுபடியும் ஆபரேஷன், குறுவையோடு சம்பாவும் கைவிட்டுப் போயிற்று.

மற்றவர் கடலைக் கொல்லையில் களை வெட்டும் வேலைக்குச் செல்லும் ஓர் அம்மையார். எலும்பு கூடிவிட்டது, காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், வீட்டார் அன்பினாலும் அச்சத்தினாலும் அவரை ஐந்து மாதம் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு அழகாகக் கூடியிருக்கிறது. கணு இறுகிவிட்டது. இப்போது அவர் நடக்கிறார்; குந்தி உட்கார மட்டும் முடியவில்லை. குந்த முடியாதவரைக் களை வெட்ட யார் கூப்பிடுவார்? அவசரத்தினால் ஒருவருக்குக் கேடு. அச்சத்தினால் ஒருவருக்குக் கேடு. ஆகவே எந்த வாரத்தில் கால் ஓய்ந்திருக்க வேண்டும், எந்த வாரத்தில் உழைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகிறது.

கணுக்காலின் அமைப்பைத் தச்சு வேலை தெரிந்தவர் எளிதில் புரிந்துகொள்வர். நிலைச்சட்டத்தில் துளையிட்டு அதில் கழுந்தை இறக்குவது போன்ற பொருத்து அது. முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு ஒன்றும் அதன் வெளிப்புறமாக மெல்லிய எலும்பு ஒன்றும் இறங்குகின்றன. அவ்விரண்டின் நுனிகளே கணுக்காலின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் நாம் தொட்டறியும் உருண்டைகள். (தென் ஜில்லாக்களில் கரண்டை என்பார்கள்.) இவ்விரு நுனிகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், பாதத்தின் உச்சி எலும்பு கழுந்துபோல் இறங்கி அமர்ந்திருக்கிறது. அங்கே இடைவெளி என்பது அநேகமாக இல்லை. 1976ஆம் ஆண்டில் ராம்ஸே, ஹாமில்டன் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்த உச்சி எலும்பு வெளிப்புறமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடுவதாகத் தெரியவந்தது. உடல் பாரம் முழுவதும் எஞ்சிய சிறு பரப்பில் இறங்கினால், அச்சு சாய்ந்த வண்டியின் சக்கரக் குடம் ஒரு பக்கமாகத் தேய்வது போல, அம்மூட்டும் சில ஆண்டுகளில் தேய்ந்து நோவு கொடுக்கும். ஆகையால்தான், எலும்பு விலகிய முறிவாயின் மாவுக்கட்டு மட்டும் போதாதென்று, திறந்து சரிசெய்து தகடு வைக்கிறார்கள்.

தகடு எலும்பைக் கூட்டுவதில்லை என்பது இங்கே கவனிக்கத் தக்கது. எலும்பைக் கூட்டுவது எலும்பேதான். தகடு செய்வது, கூடும்வரை துண்டுகள் நகராமல் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. ஒரு கம்பி எவ்வளவு உறுதியானதாயினும், அதை மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டேயிருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துபோகிறதல்லவா? எலும்பு கூடுவதற்கு முன்னே நடந்தால் ஒவ்வோர் அடியும் தகட்டுக்கு அத்தகைய வளைவு. எலும்பு முந்திக்கொண்டால் நல்லது. தகடு முந்திக்கொண்டு ஒடிந்தால் மறுபடி ஆபரேஷன்தான். எலும்பு ஓரளவு பிடிப்பதற்கு ஆறு வாரமும், நன்றாக உறுதிப்படுவதற்குப் பன்னிரண்டு வாரமும் பொதுவாக ஆகின்றன. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கும் நீரிழிவு கட்டுக்கடங்காதவருக்கும் அதற்கு மேலும் ஆகும். புண் ஆறுவதும் தாமதிக்கும். வலி மறக்கப் பீடி பிடிக்கிறேன் என்பவர், வலியின் நாட்களைத் தாமே நீட்டிக்கொள்கிறார்.

தகடு வைப்பதன் மற்றொரு பயன், மூட்டை முன்னதாகவே அசைக்க முடிவது. முன்னெல்லாம் மாதக்கணக்கில் மாவுக்கட்டிலேயே கிடந்து, எலும்பு கூடியும் கால் வழங்காமற் போனவர் எல்லா நாடுகளிலும் இருந்தனர். அந்நிலையை மாற்றும் பொருட்டு 1958ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து நாட்டின் பியேல் நகரில் மாரிஸ் முல்லர் முதலிய டாக்டர்கள் கூடி ஒரு குழு அமைத்தனர். முறிவை உறுதியாக இறுக்கி, அதன் பயனாக மூட்டைச் சீக்கிரம் அசையச் செய்தல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தகட்டையும் வைத்துக்கொண்டு அசையாமலும் கிடப்போமாயின், அதன் பயனில் பாதியை இழந்தவராவோம்.

இனி வீட்டில் செய்ய வேண்டுவன. முதல் இரண்டு வாரத்தில் பிரதான வேலை, காலை உயர்த்தி வைத்திருத்தல். நாற்காலியில் அமர்ந்து எதிரே முக்காலிமேல் காலை நீட்டுவது போதாது. பாதம் நெஞ்சைவிட உயரமாக இருத்தல் வேண்டும். வீக்கம் மிகுந்தால் தையல் இழுபட்டுப் புண் பிளக்கும் என்பதே இதன் காரணம். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டிரண்டு செங்கல் கொடுத்துவிட்டு, ஆடுசதையின் கீழ் இரண்டு தலையணையோ மடித்த சாக்கோ வைத்துக்கொள்ளலாம். குதிகால் எதன்மேலும் அழுந்தாமல் அந்தரத்தில் இருக்கட்டும். நாள் முழுவதும் அழுந்தினால் அங்கே வேறு புண் வந்துவிடும். கால் விரல்களை மணிக்கு ஒரு முறையாவது மடக்கி நீட்ட வேண்டும். முழங்காலை மடக்குவதும், காலை நேராக நீட்டித் தூக்குவதும் தொடைச் சதை கரையாமல் காக்கும். அசையாமல் கிடக்கும் காலில் இரத்தம் உறையக்கூடும். அதற்காக டாக்டர் ஊசியோ மாத்திரையோ எழுதிக் கொடுத்திருந்தால் நடுவில் நிறுத்தலாகாது.

தையலை இரண்டு வாரத்தையொட்டிப் பிரிப்பார்கள். அதுவரை கட்டு நனையக் கூடாது. பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு குளிக்கலாம். எண்ணெய், பச்சிலை, பற்று எதையும் புண்மேல் இடுதல் தகாது. தகடு வைத்த காலை நீவி விடுவதும், அதன்மேல் மூங்கிற்பற்றை வைத்து இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. ஊர்ப் பெரியவர்கள் நல்லெண்ணத்துடனேயே இவற்றைச் சொல்வார்கள். வணக்கத்துடன் மறுத்துவிட வேண்டியதுதான். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், குறைந்துவந்த வலி மீண்டும் ஏறுதல், விரல்கள் நீலம் பாரித்தல் அல்லது மரத்துப்போதல் இவற்றுள் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஆடுசதை கெட்டிப்பட்டு வீங்கி வலித்தாலும் அவ்வாறே. திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு கணமும் தாமதியாமல் 108-க்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். உறைந்த இரத்தம் நுரையீரலை அடைந்திருக்கக் கூடும்.

எழுதக் கூச்சப்பட்டு எல்லோரும் விட்டுவிடும் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். அது கழிப்பறை. நம் கிராம வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லையின் கோடியில், இரண்டு படி ஏறிக் குந்தியிருக்கும் முறையில் அமைந்தது. ஒற்றைக் காலால் அங்கே செல்வதும் குந்துவதும் எழுவதும் முறிவைவிடப் பெரிய சோதனை. நாம் சென்று பார்த்த வீடுகளில் மறுபடி விழுந்தவர்கள் விழுந்த இடம் பெரும்பாலும் இதுவே. பெண்கள் படும் பாடு இன்னும் அதிகம். பிறரை உதவிக்குக் கூப்பிட வெட்கி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வருகின்றன. ஆபரேஷன் தேதி தெரிந்த அன்றே இதற்கு ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. நடுவில் துளையிட்டு அடியில் பாத்திரம் வைக்கும் நாற்காலி கடைகளில் கிடைக்கிறது; உள்ளூர்த் தச்சரும் செய்து கொடுப்பார். அதைப் படுக்கையருகே மறைப்புக் கட்டி வைத்துக்கொள்ளலாம். கழிப்பறைச் சுவரில் இடுப்புயரத்தில் இரும்புக் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டால், கால் குணமான பின்னும் வீட்டு முதியோருக்கு அது பயன்படும். நம் வீட்டில் பதித்த குழாயை இன்று நம் தாயார் பிடித்துக்கொள்கிறார்.

ஊன்றுகட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டையின் மேல்முனைக்கும் கக்கத்திற்கும் இடையே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருத்தல் வேண்டும். பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்க வேண்டுமேயன்றிக் கக்கத்தில் தொங்கலாகாது. தொங்கினால் அங்குள்ள நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே செல்லட்டும். இறங்கும்போது கட்டையும் முறிந்த காலும் முன்னே செல்லட்டும். கட்டையின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். சாணம் மெழுகிய ஈரத் தரையும் பாசி படர்ந்த முற்றமும் கட்டைக்குப் பகை.

காலை எப்போது ஊன்றுவது? நமக்கு ஆறு வாரம் ஊன்றக் கூடாதென்றே சொன்னார்கள். பல இடங்களில் அதுவே வழக்கமாக இருந்துவந்தது. பின்னர் 2024ஆம் ஆண்டில், பிரிட்டனில் 480 பேரை இரு பிரிவாக வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்தில் ஊன்றத் தொடங்கியவர்கள், ஆறு வாரம் காத்திருந்தவர்களைவிட எவ்வகையிலும் பின்தங்கிவிடவில்லை என்று அதில் கண்டார்கள். இது விவசாயிகளுக்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே காலை ஊன்றிவிட வேண்டாம். இரு எலும்புகளையும் பிணைக்கும் தசைநார் அறுந்து, அவற்றைச் சேர்த்துத் திருகு பூட்டப்பட்டவருக்குக் கணக்கு வேறு. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் இன்னும் அதிக நாள் காத்திருக்க வேண்டும்; தகடு அசைந்தாலும் அவருக்கு வலி தெரியாது. அன்றியும், 'ஊன்றலாம்' என்று டாக்டர் சொல்வது வீட்டிற்குள் கட்டைகளோடு நடப்பதைத்தான். சேற்றில் நாற்றுக்கட்டு சுமப்பதையன்று.

"இருபது கிலோ பாரம் மட்டும் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். காலுக்கு இருபது கிலோ எப்படித் தெரியும்? நாம் அங்கன்வாடியில் தாய்மார்களை நிறுக்கும் எடைக்கருவியை ஒரு நாள் மாலை இரவல் வாங்கி, கட்டைகளைப் பிடித்தபடி முறிந்த காலை மட்டும் அதன்மேல் வைத்து, முள் இருபதைத் தொடும்வரை மெல்ல அழுத்திப் பார்த்தோம். பத்து முறை செய்தபின் கால் அதை நினைவில் வைத்துக்கொண்டது. டாக்டர் அனுமதிக்கும்போது வாரந்தோறும் பாரத்தை ஏற்றிக்கொண்டு போகலாம். கட்டைகளை விட்டுக் கைத்தடிக்கு வந்தபின், தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் முறிந்த கால் பக்கமே பிடித்து நொண்டுகிறார்கள்.

அசைவைப் பற்றி முன்னரே சொன்னோம். சமநிலத்தில் நடக்கக் கணு மேல்நோக்கிச் சுமார் 10 பாகை மடங்கினால் போதும். குதிகாலைத் தரையில் பதித்துக் குந்தி உட்கார 30 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். பட்டணத்தில் மேஜை முன் அமர்ந்து வேலை செய்பவருக்குப் 'பூரண குணம்' எனப்படுவது குடியானவருக்கு அரைக் குணமே. ஆகவே கிராமத்தார் டாக்டரிடமும் பிசியோதெரபி நிபுணரிடமும், "நான் குந்தி வேலை செய்பவன்" என்று வாய்விட்டுச் சொல்லுதல் அவசியம்; அவர்கள் பயிற்சியை அதற்கேற்ப அமைப்பார்கள்.

கட்டு நீங்கி அனுமதி கிடைத்ததும், காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை முன்பாதத்தில் மாட்டி இரு கையாலும் தன் பக்கம் இழுத்து அரை நிமிஷம் பிடித்திருக்கலாம். முழுப் பாரமும் ஊன்ற அனுமதி கிடைத்தபின், சுவருக்கு எதிரே நின்று, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலலாம். கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை விரற்கடையால் அளந்துவந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். நமக்கு முதல் வாரம் ஒரு விரற்கடை; ஐந்து மாதத்தில் ஐந்து விரற்கடை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாகக் குந்திப் பழகுவது அதன் பிறகு. பயிற்சியில் சிறிது இழுப்பும் வலியும் இருக்கவே செய்யும். மறுநாள் காலைவரை வலி நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டதென்று கொள்க.

உணவில் பத்தியம் வேண்டுவதில்லை. முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று நிறுத்திவிடுகிறார்கள். புண் ஆறவும் எலும்பு கூடவும் வேண்டிய புரதம் அவற்றில்தான் இருக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. கீரை, பருப்பு, பால், முள்ளோடு தின்னும் சிறு மீன் யாவும் நல்லவை. காலை வெயில் சற்று மேலே படட்டும். ஆட்டுக்கால் சூப்பை விரும்புவோர் குடிக்கலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஓரிரு வேண்டுகோள்கள் உண்டு. ஊன்றுகட்டை இரண்டு ஜோடி, வாக்கர் ஒன்று, துளையிட்ட நாற்காலி ஒன்று ஆகியவற்றைப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி இரவல் கொடுக்கலாம். ஒரு குடும்பத்திற்கு இவை மூன்று மாதமே தேவைப்படுகின்றன. பின்னர்ப் பரணில் கிடக்கின்றன. நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இதைச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலும் முதியோரே வாங்கிச் சென்றார்கள் என்பது எதிர்பாராத பலன். மேலும், நடவு நேரத்தில் முறிவுற்ற சிறு விவசாயி வயலில் இறங்குவது அறியாமையால் மட்டுமன்று. ஆள் கூலி கொடுக்க வழியில்லாமையாலும்தான். மாற்றாள் முறை இன்னும் வழங்கும் ஊர்களில் அவர் நடவை ஊரார் செய்துகொடுத்து, அடுத்த போகத்தில் அவரிடம் வேலையாகப் பெற்றுக்கொள்ளலாம். முன்னே சொன்ன குறுவைக்காரருக்கு அவ்வாறு நான்கு ஆள் கிடைத்திருந்தால் தகடு வளைந்திராது. வீட்டுக்கே வந்து பயிற்சி செய்விக்கும் ஏற்பாடு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தங்கள் ஊருக்குரிய விவரம் தெரியும்.

வேலைக்குத் திரும்புவோர் கவனத்திற்குச் சில. மாலையில் கணு வீங்குவது ஆறு மாதம், ஓராண்டுவரைகூட இருக்கும். இரவில் உயர்த்தி வைத்துக் காலையில் வடிந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். வலது கால் முறிந்தவர் வண்டி ஓட்ட அவசரப்படலாகாது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பிரேக் மிதிக்கும் வேகம் பழையபடி திரும்ப ஒன்பது வாரம் ஆனதென்று 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. முதலில் உலர்ந்த நிலத்து வேலை, பிறகு வரப்பு, கடைசியாகச் சேறு என்று படிப்படியாகப் போவது நலம். சேற்றில் பாதத்தைப் பிடுங்கி எடுக்கும்போதுதான் கணுவின் தசைகளுக்குக் கடினமான வேலை. நாம் ஏழாம் மாதம் வரப்பில் நடந்தோம். கையில் தடி இருந்தது.

தகட்டை எடுத்துவிட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். உறுத்தாமலும் சீழ் பிடிக்காமலும் இருந்தால் அது ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கலாம். இரு எலும்புகளையும் சேர்த்துப் பூட்டிய திருகைச் சிலருக்குச் சில மாதம் கழித்து எடுப்பதுண்டு. அதைச் சிகிச்சை செய்த டாக்டரே சொல்வார். நம் தகடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பனி நாட்களில் விடியற்காலை சிறிது கடுக்கும். நாலு தப்படி நடந்தால் சரியாகிவிடுகிறது.